தம்பி பூட்டி வைத்த ஜீப்

“அப்பா மிலிட்டரி ஏலத்துல எடுத்த ஜீப்பு. அதைத் தம்பி அமுக்கிக்கிட்டான். ரிப்பேர் பண்றேன்னு ஷெட்டைப் பூட்டிக்கிட்டு என்னை உள்ளயே விடறதில்ல” என்று ஆம்பூர் சர்ச் வாசலில் எல்லோரிடமும் புலம்பினார் தேவானந்தம். அதோடு நிற்காமல், ஒரு ஞாயிறன்று நியாயம் கேட்கப் போதகரையே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

தம்பி கிருபானந்தம் மறுபேச்சில்லாமல் ஷெட்டைத் திறந்தான். யுத்தகாலத்து ஜீப் புதுப் பச்சைப் பெயின்டில் நின்றது.

தேவானந்தம் உள்ளே எட்டிப் பார்த்தார். “இன்னாடா இது? கிளட்ச் பெடலையே காணோம்! வண்டியைக் கெடுத்துட்டியேடா!”

“கெடுக்கலண்ணா. கிளட்சைக் கையால பிடிக்கிற மாதிரி மாத்தியிருக்கேன். சரியா வருமோ வராதோன்னு பயம். உனக்கு ஆசை காட்டி ஏமாத்தக் கூடாதுன்னுதான் சொல்லல.” சாவியை நீட்டினான். “இனிமே நீயே ஓட்டலாம்.”

தேவானந்தம் சாவியை வாங்கவில்லை. லாரி மோதி, கிளட்ச் மிதிக்கும் இடது கால் போனதிலிருந்து அவர் வண்டி ஓட்டியதில்லை. கக்கத்து ஊன்றுகோலை இறுகப் பிடித்தபடி, தம்பியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலைகுனிந்தார்.

“ஏறுண்ணா” என்று கிருபானந்தம் அவரை இடுப்போடு அணைத்துத் தூக்கினான்.