மைக் அக்காவின் அரை நாள் சுற்றுலா

இருவர் முதுகிலும் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் பெரிய பை. காலில் கேன்வாஸ் ஷூ, தலையில் தொப்பி. கணவனும் மனைவியும் கடலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முகத்தில் மட்டும் கடல் பார்த்த களையே இல்லை.

"சார், மேடம், இங்க ஒரு போட்டோ எடுத்துக்கறீங்களா? வர்றவங்க எல்லாரும் எடுப்பாங்க" என்றாள் கையில் மைக் பிடித்திருந்த வழிகாட்டிப் பெண்.

"வேண்டாம்மா. அடுத்த இடத்துக்குப் போலாம்."

'கடற்கரையும் குடிசைகளும்' என்ற இந்த இலவச நடைச் சுற்றுலாவைப் பற்றி மூன்று வாரமாக யாரும் இணையத்தில் நல்லதாக ஒரு வரி எழுதவில்லை. இன்றைக்கும் எழுதாவிட்டால் நாளையிலிருந்து வேறு ஆள் என்று காலையில்தான் அவளிடம் அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வந்திருப்பதோ இந்த இரண்டே பேர்.

குடை நட்ட கடற்கரை முடிந்து, சாக்கடை கலக்கும் கடற்கரை வந்தது. அதையும் தாண்டினால் தகரக் கூரைகள். குழாயடி வரிசையில் நின்றவள் ஒருத்தி தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

"மைக் அக்கா வந்தாச்சுடி. எல்லாரும் மூஞ்சிய சோகமா வச்சுக்கங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. வந்தவர்கள் சிரிக்கவில்லை.

"இங்க தண்ணி எத்தனை மணிக்கு வரும்?" என்று மனைவி கேட்டாள்.

"காலையில ஒரே ஒரு மணி நேரம் மேடம். அதுக்கும் அடிதடி." வழிகாட்டி குரலைக் கம்மவைத்துக்கொண்டாள். "நெனச்சுப் பாருங்க."

"ஒரு மணி நேரமாம்" என்றாள் மனைவி கணவனிடம். அவர் தலையாட்டினார். அவ்வளவுதான்.

அடுத்தது தையல்காரர் வீடு. அவர் மிஷினை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

"அவ சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். ஒரே ரூம், எட்டுப் பேர். அழறதா இருந்தா வாசல்ல நின்னு அழுங்க. இங்க துணி நனையும்."

அந்தக் குறுகிய வாசலில் திரும்பும்போது கணவனின் பை நிலையில் இடித்தது. உள்ளே பாத்திரம் உருண்டது. பையின் வாய் வழியாக ஒரு நீளக் கரண்டிக் காம்பு எட்டிப் பார்த்தது.

"நீங்களே சமைச்சு சாப்பிட்டுக்குவீங்களா சார்? சரியான ஊர்சுத்திங்கதான் நீங்க" என்று வழிகாட்டி சிரித்துப் பார்த்தாள். அவர் கரண்டியை உள்ளே தள்ளினார்.

இனி கடைசி அஸ்திரம்தான். சந்து முடிகிற இடத்தில் பூட்டிக் கிடந்த அறையின் முன்னால் போய் நின்றாள்.

"இதப் பாருங்க. கூரை ஒழுகும். பெரிய மழைன்னா கடல் தண்ணி உள்ள வந்துடும். ராத்திரியில எலி காலைக் கடிக்கும். ஆறு மாசமா ஆளே இல்லை. மனுஷன் குடியிருக்கற எடமா சார் இது?"

மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வெகுநேரம் பார்த்தாள்.

"கூரை எந்தப் பக்கம் ஒழுகும்?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. "கதவுப் பக்கம் மேடம்" என்றாள் வழிகாட்டி. மனைவியின் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

திரும்பக் கடற்கரைக்கு வந்ததும் வழிகாட்டிக்குத்தான் அழுகை முட்டியது.

"நான் சரியா சொல்லலையா சார்? எல்லாரும் அழுவாங்க. உங்க ரெண்டு பேருக்கும் முகமே மாறலை. நல்லதா நாலு வரி வரலைன்னா எனக்கு வேலை இல்லை சார்."

"இதுக்கா அழறே? கொடும்மா, எழுதறேன்." அவள் போனை வாங்கி, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் திருப்பிக் கொடுத்தார். 'தண்ணீர் வரும் நேரம் முதல் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். உள்ளதை உள்ளபடி சொன்னார்.'

இரண்டாவது வரியைப் படித்ததும் அவளுக்குக் காது சுட்டது.

"சார், எலி கடிக்கும்னு சொன்னது மட்டும் பொய். அது சும்மா, நானா சேத்துக்கிட்டது."

"அப்படியா? ரொம்ப நல்லது" என்றார் அவர், மனைவியைப் பார்த்து.

வேலை தப்பித்த நிம்மதியில் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே எந்த ஊருக்குக் கெளம்பறீங்க மேடம்?"

மனைவி முதுகுப் பையை மணலில் இறக்கி வைத்தாள்.

"எங்கயும் போகலைம்மா. அந்தப் பூட்டின ரூமுக்குக் குடிவரணும்னா யாரைப் பாக்கணும்?"