பாலத்து வளைவு

பாலத்து வளைவில் சைக்கிள் பந்தயம் திரும்பும்போது லாசரின் ரசிகர்கள் ஆளுக்கொரு பாட்டிலை நீட்டுவார்கள், கண்ணுகளா. யார் நீட்டினாலும் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் அவன் மிதிப்பான். சாம்பியனான பிறகும் அது மாறவில்லை.

இப்போது சோதனையில் ஊக்கமருந்து தெரிந்ததாம். அதே வளைவில், அவன் படம் போட்ட பேனருக்குக் கீழே எல்லோரும் கூடி நின்றார்கள்.

"நாலு வருசம் தடை போட்டுட்டா பொறவு எங்க ஓட்ட? அவன் கதை முடிஞ்சுது."

"நீ எந்தப் பந்தயத்துல வந்து நின்னலே, தீர்ப்பு சொல்ல?"

"அப்போ மருந்து தானா முளைச்சுதோ?"

சிரித்தார்கள். புஷ்பம் மட்டும் சிரிக்கவில்லை. கடைசிப் பந்தயத்தின் முதல் சுற்றில் அவன் இருமிக்கொண்டே போனதைப் பார்த்து, தனக்கு மூச்சு இழுத்தால் போடுகிற மாத்திரையைப் பொடித்துப் பானகத்தில் கலந்து, அடுத்த சுற்றில் நீட்டியவள் அவள்.

"நான்தாம்யா குடுத்தேன்" என்றாள்.

"பாசத்துல பழிய ஏத்துக்கிடாதீங்கக்கா. நம்ம யாரையும் மாட்டிவிடாம, யாரு கையாலயும் ஒண்ணும் குடிக்கலன்னு அவனே விசாரணையில சொல்லிட்டாம்லா."

அப்போது லாசர் சைக்கிளில் வந்தான். பந்தயம் எதுவும் இல்லை, சும்மாதான் வந்தான். வளைவில் வேகம் தணிந்து, பழக்கத்தில் ஒரு கையை நீட்டினான். அன்று யார் கையிலும் பாட்டில் இல்லை, புஷ்பத்தின் கையைத் தவிர. அதில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. அவள் அதை முந்தானைக்குள் மறைத்தாள். நீட்டிய கையை மடக்காமலே அவன் அவளைப் பார்த்துக்கொண்டு வந்தான்.