மூன்று மணிக் களைப்பு

"மணி மூணு ஆனா உங்களுக்கு என்ன சார் ஆகுது? கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, ஆலோசகர் பேனா மூடியைக் கழற்றினார்.

"கண்ணு சொருகுது. தலை தானா ஆடுது. யாராவது வந்து எதையாவது கேட்டா எரிச்சல் எரிச்சலா வருது" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"யாராவதுன்னா?"

"வாடிக்கையாளருங்கதான். கடைக்கு வேற யாரு வருவா?"

கடை சுமாரானதுதான். மூன்று சுவர் நிறைய மூக்குக்கண்ணாடிகள். பின்னால் கண் பரிசோதனை அறை. அதைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி, அதற்கென்றே படித்தவர். அறைக்குப் பக்கத்தில் லென்ஸ் தேய்க்கிறவர், மெஷினோடு மெஷினாக உட்கார்ந்திருப்பார். கல்லாவில் இருந்தபடி வருகிறவர்களுக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டுவது கடைக்காரரின் வேலை. காலையில் அதை ஓரளவு மனுஷத்தன்மையோடு செய்வார். மதியச் சாப்பாடு உள்ளே இறங்கியதும் ஆளே மாறிவிடுவார்.

ஆலோசகரின் நோட்டீஸ் போன வாரம் பேப்பருக்குள் மடித்து வந்தது. 'சிறு வணிகர்களே, மதியக் களைப்பா? கடைக்கே வந்து தீர்வு. முதல் ஆலோசனை இலவசம்.'

அதைப் பார்த்த மனைவி, "நமக்கு எதுக்குங்க இதெல்லாம்? ஏமாத்து வேலை. கிழிச்சுப் போடுங்க" என்றார்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில், மனைவி சொன்ன ஒன்றைச் செய்தார் என்ற கெட்ட பெயர் கடைக்காரருக்குக் கிடையாது. அன்றைக்கே போன் போட்டுவிட்டார்.

ஆலோசகர் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண்மணி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். சிவப்பு ஃபிரேம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது எனக்கு எடுப்பா இருக்குமா?"

வந்த கொட்டாவியை விட்டு முடித்த பிறகுதான் கடைக்காரர் பதில் சொன்னார். "மூக்கு இப்படி இருந்தா எதைப் போட்டாலும் ஒண்ணுதாம்மா."

பெண்மணி ஃபிரேமைக் கழற்றி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். உள்ளே மெஷின் ஒரு நிமிஷம் நின்று, மறுபடி ஓடியது.

"பாத்தீங்களா சார்? இப்பப் பேசினது நீங்க இல்ல. உங்க களைப்பு" என்றார் ஆலோசகர்.

"நான் உண்மையத்தானே சொன்னேன்?"

"உண்மையை மறைக்கத்தான் சார் தெம்பு வேணும். அது உங்ககிட்ட மூணு மணிக்கு இல்ல. இதுவரைக்கும் என்னென்ன செஞ்சு பாத்தீங்க?"

நிறையச் செய்திருந்தார். சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தார். பசியில் இன்னும் கடுகடுத்தார். அடுத்தடுத்து ஆறு டீ குடித்தார். வாடிக்கையாளரைப் பாதிப் பேச்சில் விட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓட வேண்டியதாயிற்று. கல்லாவுக்குப் பின்னால் நின்ற இடத்திலேயே குதித்துக் குதித்து ஓடிப் பார்த்தார்; மேல் தட்டிலிருந்து பதினோரு ஃபிரேம் கீழே விழுந்தது.

"எல்லாத்தையும் நிறுத்துங்க" என்றார் ஆலோசகர். "சாதாரண மூளைக்கு டீ போதும். உங்களது அப்படி இல்ல. நாள் பூரா யோசிக்க வேண்டியதைக் காலையிலயே யோசிச்சு முடிச்சிடுது. அப்புறம் எப்படித் தாங்கும்?"

கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் மூளையைப் பற்றி இத்தனை சரியாக ஒருத்தர் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

"ஒண்ணரை மணிக்கு வீட்டுக்குப் போங்க. திரையை இழுத்து விடுங்க. போனை அணைச்சிடுங்க. அஞ்சரை வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது."

"தூங்கச் சொல்றீங்களா?"

"சேச்சே, இதுக்குப் பேரு தூக்கம் இல்ல சார். சக்திச் சேமிப்பு."

கண் பரிசோதனை அறையிலிருந்து மனைவி வெளியே வந்தார். "மதியம் பூரா நான் ஒருத்தியா கடையப் பாக்கறதா? கண்ணும் டெஸ்ட் பண்ணி, ஃபிரேமும் காட்டி, என்னால ஆகாதுங்க. நீங்க இல்லாம இந்தக் கடை ஓடாது."

அந்தக் கடைசி வாக்கியம் கடைக்காரருக்குத் தேனாக இனித்தது. அதற்காக அவர் இறங்கி வந்துவிடுவாரா?

"ஆகாட்டிப் பழகிக்க. நாளையிலிருந்து நான் ஒண்ணரைக்குக் கிளம்பறேன்."

கிளம்பினார். இரண்டே மாதம். சாயங்காலம் முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு கடைக்குள் நுழைந்தால், மதியம் வந்த கூட்டமே இன்னும் கலைந்திருக்காது. நாற்காலி போதாமல் நாலு புதிதாக வாங்கிப் போட்டார்கள். வேலையை விட்டுப் போகிறேன் என்று மாதாமாதம் சொல்லிக்கொண்டிருந்த லென்ஸ் தேய்க்கிறவர், அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

"எல்லாம் நான் சேமிச்ச சக்தி" என்று வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் கடைக்காரர் பேசினார். "தொழில்ல முன்னேறணும்னா, முதல்ல ஒருத்தனுக்குப் படுக்கத் தெரியணும்." விடுமுறை நாள் மதியம் வைத்த கூட்டம் என்பதால், கைதட்ட மூன்று பேர்தான் விழித்திருந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் ஆலோசகரைக் கடைக்கு வரவழைத்தார். இருப்பதிலேயே உயர்ந்த கூலிங் கிளாஸை எடுத்து அவர் முகத்தில் தன் கையாலேயே மாட்டிவிட்டார். மனைவி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவும் இல்லை.

"அவ அப்படித்தான். நாம நல்லா இருந்தா அவளுக்குப் பொறுக்காது" என்று கடைக்காரர் அவரை வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

தெருமுனை திரும்பியதும் ஆலோசகரின் போன் அடித்தது. பரிசோதனை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது கடைக்காரரின் மனைவி.

"வந்த அரை மணி நேரத்துல மூணு பேரைத் துரத்திட்டாருப்பா."

"கவலைய விடுங்க அக்கா, அடுத்த வாரமே சாயங்காலத்தையும் சேர்த்துச் சேமிச்சிடலாம்" என்றார் ஆலோசகர். "நான் பேச்சை எடுத்ததும், போன தடவை மாதிரியே நீங்க வேண்டாம்னு மட்டும் பிடிவாதமா நில்லுங்க."