ஒரு செமஸ்டர் போதும்

பல்கலைக்கழகப் பதிவாளர் சாப்பாட்டு மேசையில் புதிய கல்வி நாட்காட்டியைப் பரப்பி வைத்திருந்தார். இனி மாணவர்கள் நடுவில் ஒரு செமஸ்டர் படிப்பை நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மறுநாள் கமிட்டி கூடுகிறது.

அதே பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பில் எம்.ஏ. படிக்கும் அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டு செமஸ்டர்னு போடுங்களேன்.”

“ஒண்ணு போதும். அதுக்கு மேல விட்டா படிப்பையே மறந்துடுவாங்க.”

“எங்க கிளாஸ்ல ஒருத்திக்கு ஒண்ணு போதாதுங்க.”

“அப்படி என்ன தலைபோற வேலை அவளுக்கு?”

அவள் தட்டைத் துடைத்தபடி மெதுவாகச் சொன்னாள். “நாள் தள்ளிப் போயிருக்கு.”

அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “பரீட்சை நாளா? என்னைக் கேக்காம யாரு தள்ளி வெச்சது?”

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “பரீட்சை இல்லைங்க. எனக்கு.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவருமே பேசுவதை விட்டுவிட்ட விஷயம் அது. அவள் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்து, அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு ‘ஒரு செமஸ்டர்’ என்பதில் ‘ஒரு’வை அடித்துவிட்டு ‘இரண்டு’ என்று எழுதினார். எழுத்து கோணலாக விழுந்தது.

“கமிட்டியில காரணம் கேட்டா என்ன சொல்வீங்க?”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நாள் தள்ளிப் போச்சுன்னு சொல்றேன். காலண்டர் கமிட்டிதானே, ஒத்துக்குவாங்க.”