பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம்

"எறும்பு கடிச்ச மாதிரிதான்டி இருக்கும், பயப்படாதே" என்கிறாள் அக்கா, திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலிலிருந்து. மருத்துவர் தங்கையின் முழங்காலில் அக்குபங்சர் ஊசியை வைக்கிறார். சுருக்கென்கிறது, அவ்வளவுதான், பிறகு இதமான ஒரு கனம் கால் முழுக்கப் பரவுகிறது. "கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் அசையக் கூடாது" என்று மற்ற ஊசிகளையும் வைத்துவிட்டுப் போகிறார். ஜன்னல் வெயில் அக்காவின் மூக்கைப் பச்சைத் திரையில் நிழலாக வரைகிறது. அக்கா கல்யாணமாகிப் போனதிலிருந்து இருவரும் ஒரே அறையில் படுத்ததில்லை. அதற்கு முன்பெல்லாம் ஒரே போர்வைக்குள் ஓயாத பேச்சு. அம்மா அதட்டினால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பு. "தூங்கிட்டியா?" அக்கா கிசுகிசுக்கிறாள், அதே குரலில். "இல்லக்கா." "அப்ப ஏதாவது பேசேன்." தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. அடக்கப் பார்க்கிறாள், முழங்காலில் ஊசிகள் நடுங்குகின்றன. அந்தப் பக்கத்துக் கட்டிலும் மெல்லக் குலுங்குகிறது.