கைப்பிடி போன நீல வாளி

தின்ற தட்டைக்கூட எடுத்து வைக்காத பிள்ளை, ஞாயிறு காலை எழுந்ததும் வீட்டுக் குப்பையை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

அம்மாவால் கண்ணை நம்ப முடியவில்லை. "உடம்புக்கு ஏதாவது பண்ணுதாடா?"

"இன்னிக்கு காலேஜ் பசங்க எல்லாரும் பீச்சைச் சுத்தம் பண்ணப் போறோம். ஊரைச் சுத்தம் பண்றவன் முதல்ல வீட்டைச் சுத்தம் பண்ண வேண்டாமாம்மா?"

பரணில் கிடந்த கைப்பிடி போன நீல வாளியைக்கூட அவன் விடவில்லை. எதிர்வீட்டுக் கதவையும் தட்டி, "குப்பை இருந்தா குடுங்க அத்தை, போற வழியில போட்டுடறேன்" என்றான்.

"பெத்தா இப்படி ஒண்ணு பெக்கணும்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மாலையில் கழுத்தில் பதக்கத்தோடு வந்தான். கடற்கரையில் அதிகக் குப்பை சேகரித்ததற்காக முதல் பரிசாம். செல்போனில் படம் காட்டினான். தராசில் அவன் மூட்டை, இருபத்தெட்டு கிலோ. மேலே பேனரில், 'கடலின் கண்ணீரைத் துடைப்போம்'.

"அத்தனையும் அலையோட மல்லுக்கட்டி எடுத்தது."

அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூட்டையின் உச்சியில் அந்த நீல வாளி உட்கார்ந்திருந்தது.

"அடுத்த தடவை போகும்போது சொல்லுடா" என்றாள். "மொட்டைமாடியில கால் உடைஞ்ச கட்டில் ஒண்ணு கிடக்கு. அதையும் கடல்ல இருந்து எடுத்துடு."