முன் டயரின் சூடு

இரும்புலியூர் ஜெனரேட்டர் கடை வாசலில், பத்து மணி வெயிலில், பிளஸ்ஸியின் ரேஸ் பைக் நிற்கிறது. ஓட்டுமுன் டயர்களைச் சூடேற்றும் கறுப்பு உறைகள் இரண்டு சக்கரங்களையும் கம்பளிபோலச் சுற்றியிருக்கின்றன. பின் உறையை மட்டும் சின்ன ஜெனரேட்டர் பத்து நிமிடமாகச் சமாளிக்கிறது. கடைக்காரர் முன் உறையின் பிளக்கையும் செருகியதும் அது திணறி, சிவப்பு விளக்கைக் காட்டி, மின்சாரத்தை நிறுத்திக்கொள்கிறது. “ஒண்ணொண்ணா போட்டுக்கலாம்மா. இதுதான் தூக்க ஈஸி” என்கிறாள் பிளஸ்ஸி, டிராக்கில் விழுந்து முறிந்து, போன மாதம்தான் கூடிய தோளெலும்பைத் தடவியபடி. அவள் ஓட்டும் டிராக் பக்கமே வரமாட்டேன் என்றிருக்கும் அம்மா ஞானசௌந்தரி குனிகிறாள். காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையைப் பின் உறைக்குள் விடுகிறாள், டயர் கதகதவென்றிருக்கிறது. முன் உறைக்குள் விடுகிறாள், அந்த டயரில் சூடே ஏறவில்லை. கையை எடுக்காமலே கேட்கிறாள்: “அன்னைக்கு வழுக்குனது எது?” “முன்னாடி டயர்தாம்மா.” “தம்பி, அந்தப் பெரிசைக் குடுங்க.” “ஐயோ, அது நாப்பது கிலோம்மா! டிராக்ல யாரு தூக்கறது?” என்கிறாள் பிளஸ்ஸி. ஞானசௌந்தரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பெரிய ஜெனரேட்டரின் ஒரு பிடியைப் பற்றுகிறாள். “நல்ல கையால நீ அந்தப் பக்கம் புடி. இந்தப் பக்கம் தூக்க நான் வரேன்.”